வெபர் மைதானத்தில் கொடி பிடித்தவன் வூப்பர்டாலில் பார்த்த ஆட்டம்

ஜெர்மனிக்குப் போய் வந்தேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "டோட்மண்ட் பாத்தியா? பயர்ன் பாத்தியா?" என்பதுதான். இரண்டும் அந்த நாட்டின் பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள். இரண்டையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது வூப்பர்டால் என்ற ஊரில், அந்த நாட்டு உதைபந்தாட்டத்தின் நான்காம் பிரிவில் நடந்த ஒரு ஆட்டம். அடுத்த நாள் இன்னும் கீழே போய், ஒரு கிராமத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சொன்னவுடன், "இதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்று கேட்கிறார்கள். ஓம், இதுக்குத்தான். கல்லடியில் இருந்தோ கல்முனையில் இருந்தோ அக்கா வீடு, அண்ணன் வீடு என்று ஜெர்மனி போகிற எவருக்கும் ஒரு சனிக்கிழமை மிஞ்சும். அந்த ஒரு நாளை எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கலாம் என்பதை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் 22 வருடம் உதவி மத்தியஸ்தர். ஊரில் அதற்குப் பெயர் லைன்ஸ்மன். வெபர் மைதானத்தின் எல்லைக் கோட்டில் நான் ஓடிய தூரத்தைக் கூட்டினால் கொழும்புக்குப் பலமுறை போய் வந்திருக்கலாம். அமெரிக்காவில் இருந்து வந்து மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டே வாழ்க்கை என்று காட்டிய இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் அந்த மைதானத்துக்கு. அங்கே கொடியைத் தூக்கிப் பழகிய கண்ணால்தான் நான் ஜெர்மனியையும் பார்த்தேன்.

முதலில் பெரிய ஆட்டத்துக்குத்தான் மருமகன் ஏற்பாடு செய்தான். அக்காவின் மகன், ஜெர்மனியிலேயே பிறந்தவன், 24 வயது. டோட்மண்ட் மைதானத்தில் 81,000 பேருக்கு மேல் இருக்கலாம். நின்று பார்க்கும் தெற்குப் பக்கப் படிக்கட்டில் மட்டும் 24,000 பேருக்கு மேல். ஆனாலும் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவசரப்பட்டு ஒரு மறுவிற்பனை இணையத்தளத்தில் இரண்டு டிக்கெட்டுக்கு 280 யூரோ கட்டிவிட்டான். ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு "ரத்து" என்று ஒரு மின்னஞ்சல். காசு திரும்பி வர ஆறு கிழமை. பிள்ளை எனக்கு முகம் கொடுக்க முடியாமல் திரிந்தான். இடையில் ஆள் வைத்து விற்கிற தளங்களில் வாங்க வேண்டாம். கழகத்தின் சொந்தத் தளத்தில் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்தான் அவனிடம் கேட்டேன். "தம்பி, எங்கட வெபர் கிரவுண்ட் மாதிரி, கத்தினா பிளேயருக்குக் கேக்கிற மாதிரி ஒரு இடம் இல்லையா?" கொஞ்ச நேரம் தொலைபேசியைத் தட்டிவிட்டு, "இரிக்கி மாமா, வூப்பர்டால்" என்றான்.

விசாக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். அங்கே இருக்கிறவர் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, உங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று உத்தரவாதப் பத்திரம் எடுத்து அனுப்பினால் வேலை இலகு. மூலப்பிரதிதான் வேண்டும், படம் பிடித்து அனுப்பிய பிரதி செல்லாது. நேரம் எடுக்கும், ஆகவே ஆட்டத்தின் திகதியைப் பார்த்து விசாவுக்குப் போகாதீர்கள். விசா கிடைத்த பிறகு ஆட்டத்தைத் தேடுங்கள். நான்காம் பிரிவில் அந்தக் கிழமையில் கேட்டாலும் டிக்கெட் இருக்கும் என்பது இதில் பெரிய நிம்மதி.

அக்கா இருப்பது ஹம் நகரத்தில். நம்மவர்களுக்கு அந்த ஊர் என்றால் காமாட்சி அம்பாள் கோவில்தான். 2002 இல் குடமுழுக்குக் கண்ட கோவில். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்பதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அம்பாளைக் கும்பிட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் பந்துக்கு வெளிக்கிட்டோம்.

அது கடைசிப் புரட்டாதிச் சனி. மச்சம் சாப்பிட முடியாது. அக்கா விடியப்புறமே எழும்பி, கடலை அவித்து, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்து ஒரு பெட்டியில் அடைத்துத் தந்தா. "தம்பி, ரெண்டு சொக்ஸ் போட்டுக்கிட்டுப் போ. மறுகா குளிருது எண்டு சொல்லாத." அந்தப் புத்தியைக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. ஐப்பசிக் குளிர் காற்றில் வருவதை விட, நிற்கிற சீமெந்துப் படியில் இருந்துதான் ஏறுகிறது. இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றால் உள்ளங்கால் மரத்துப்போகும். தடித்த அடியுள்ள சப்பாத்து இல்லாமல் போகவேண்டாம்.

ஹம்மில் இருந்து வூப்பர்டாலுக்கு ஆர்.ஈ. 7 என்ற பிராந்திய ரயில் நேராகப் போகிறது. ஒரு மணித்தியாலம் அளவில். மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது, நாடு முழுக்கப் பிராந்திய ரயில், ட்ராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025 இல் 58 ஆகி, 2026 தை மாதத்தில் இருந்து 63. மூன்று கிழமை நிற்பவர்களுக்கு இதைவிட லாபமான ஒன்று ஜெர்மனியில் இல்லை. ஆனால் அது சந்தாவாகத்தான் வரும். மாதத்தின் 10ஆம் திகதிக்கு முன் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதக் காசும் போகும்.

வூப்பர்டால் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கே இருந்து மைதானத்துக்குப் போகிற வழியே ஒரு காட்சி. ஷ்வேபபான் என்று ஒரு தொங்கு ரயில். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே தொங்குகிறது. 1901 இல் ஓடத் தொடங்கியது. 13 கிலோமீற்றர் தூரம், பெரும்பகுதி வூப்பர் ஆற்றின் மேலேயே போகிறது. எங்கள் வாவியோடு பார்த்தால் அந்த ஆறு ஒரு ஓடைதான், ஆனால் அதன் மேல் தொங்கிக்கொண்டு, வளைவுகளில் பெட்டி மெல்லச் சாய்ந்து ஆடிப் போகும்போது கல்லடிப் பழைய பாலத்தில் பஸ் போன காலத்தில் வந்த அதிர்வு நினைவுக்கு வந்தது. 1950 இல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக ஒரு யானைக்குட்டியை இதில் ஏற்றியிருக்கிறார். டுஃபி என்று பெயர். அது மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டது. உயிர் தப்பிவிட்டது. படுவான்கரைப் பக்கம் யானையோடு வாழ்கிற சனத்தைத் தெரிந்த எனக்கு அந்தக் குட்டியின் பயம் கண்ணுக்குள் வந்தது. பத்து நிமிடம் அளவில் "சூ ஸ்டாடியோன்" என்ற தரிப்பிடம். மிருகக்காட்சிச்சாலையும் மைதானமும் பக்கத்தில் பக்கத்தில். மைதானத்துக்கே பெயர் ஸ்டாடியோன் அம் சூ, மிருகக்காட்சிச்சாலை மைதானம்.

1924 இல் கட்டிய மைதானம். முகப்பைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறார்கள். சுற்றிவரப் பழைய காலத்துப் பெரிய வீடுகள், மரங்கள். 23,000 பேர் அளவில் கொள்ளும். நான் போன அன்று அதில் சிறு பங்குதான் சனம். ஆனால் சிவப்பும் நீலமும் கட்டிக்கொண்டு அப்பன், பிள்ளை, பேரன் என்று மூன்று தலைமுறையாக வந்திருந்தார்கள்.

நான்காம் பிரிவுக்கு அங்கே ரெகியோனால்லிகா என்று பெயர். நாட்டை ஐந்து வட்டாரமாகப் பிரித்து ஐந்து லீக். நின்று பார்க்கும் டிக்கெட் பெரும்பாலும் 10 முதல் 15 யூரோ. நான் போனபோதைய கணக்கில் ஒரு யூரோ 350 ரூபாய் என்று வைத்தால் ஐயாயிரம் ரூபாய் அளவு. எங்களுக்குச் சிறிய காசு இல்லை. ஆனால் அந்த 280 யூரோவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாசலில் பையைச் சோதிக்கிற ஆள் அக்காவின் பெட்டியைத் திறந்தார். கறிவேப்பிலை வாசம் எழும்பியது. மருமகன் ஜெர்மனில் ஏதோ சொன்னான். அவர் இன்னொரு தரம் மணந்து பார்த்துவிட்டு, மூடியை அழுத்தி மூடித் தந்து, உள்ளே போங்கள் என்று கையைக் காட்டினார். எல்லா இடத்திலும் இப்படி விடுவார்கள் என்று நம்பவேண்டாம். போத்தலும் பெரிய பையும் ஜெர்மன் மைதானங்களில் பொதுவாக உள்ளே போகாது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

நான் கேட்டுக்கொண்டபடி, எல்லைக் கோட்டுக்குக் கிட்ட ஒரு படியில் இடம் பிடித்தோம். பந்து காலில் படுகிற சத்தம் கேட்டது. கோல்காப்பாளர் தன் தடுப்பாளரை ஏசுவது கேட்டது. தொலைக்காட்சியில் எத்தனை உலகக் கிண்ணம் பார்த்திருந்தாலும் இந்தச் சத்தங்கள் வராது. வெபர் மைதானத்தில் கேட்டு வளர்ந்த அதே சத்தங்கள்.

ஆனால் என் கண் பந்தில் இல்லை. எனக்கு முன்னால் ஓடிய உதவி மத்தியஸ்தரின் காலில் இருந்தது. 25 வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன். கடைசிக்கு முந்திய தடுப்பாளர் எங்கே நிற்கிறாரோ, அவருக்கு நேராக இவர். தடுப்பாளர் ஒரு அடி முன்னே வந்தால் இவரும் ஒரு அடி. நெஞ்சை மைதானத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் எட்டு வைக்கிறார். வேகம் வந்தால்தான் திரும்பி ஓடுகிறார். கொடி எப்போதும் மைதானத்தின் பக்கத்துக் கையில். ஓடும்போது கை ஆடினாலும் கொடி ஆடவில்லை. நாங்கள் மட்டக்களப்பில் பயிற்சிப் பட்டறையில் எழுதிப் படித்த அதே பாடம். அதை ஒருவர் தொண்ணூறு நிமிடமும் பிசகாமல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்குக் கிடைத்த பெரிய விருந்து.

முதல் பாதியில் ஒரு கோணர் உதையில் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில், 70 நிமிடம் அளவில், ஊர் அணிக்காரன் பந்தை வலைக்குள் தள்ளினான். படிக்கட்டே துள்ளியது. நான் மட்டும் துள்ளவில்லை. பந்து புறப்பட்ட அந்தக் கணத்தில் அவன் அரை உடம்பு முன்னுக்கு நின்றதைக் கண்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன், கொடி மேலே நின்றது. ஓஃப்சைட், கோல் செல்லாது.

அதற்குப் பிறகு அந்தப் பெடியன் கேட்ட ஏச்சு! முதலாம் இரண்டாம் பிரிவு ஆட்டங்களில் காணொளி உதவி மத்தியஸ்தர் இருக்கிறார். ஒரு அறையில் இருந்து கோடு கீறிப் பார்த்துச் சொல்வார்கள். கோல் அடித்தவன் கொண்டாடுவதா வேண்டாமா என்று காத்து நிற்பான். இந்தப் பிரிவில் அது இல்லை. தூக்கிய கொடிதான் முடிவு. தூக்கியவன் அதைத் தாங்கவேண்டும். அவன் தாங்கினான். முகத்தைத் திருப்பவில்லை, கொடியைப் பதறி இறக்கவில்லை. மத்தியஸ்தர் விசில் ஊதி, தடுப்பு அணி பந்தை வைத்து உதைத்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைத்தான்.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். ஜீன்ஸ் துணிக் கையில்லாச் சட்டை, அதில் இடம் இல்லாமல் தைத்த சின்னங்கள். அவரும் கத்தினார். நான் மருமகனிடம் சொன்னேன், "கொடி சரி எண்டு சொல்லு. நான் நேர நிண்டு பாத்தன்." அவன் தயங்கினான். நான் விடவில்லை. சொன்னான். பெரியவர் என்னைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் மருமகனிடம், இவர் யார், எப்படித் தெரியும் என்று கேட்டார். 22 வருடம் கொடி பிடித்தவர் என்று அவன் சொன்னதும் கையை நீட்டினார்.

நான் கடலைப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். விரலால் அள்ளிச் சாப்பிட்டார். செத்தல் மிளகாய் கண்ணில் தண்ணீர் வரவைத்தும் விடவில்லை, தேங்காய்ச் சொட்டைத் தேடித் தேடி எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே ஊர்க் கழகத்தின் கதையைச் சொன்னார். வூப்பர்டாலர் எஸ்.வி. 1954 இல் பிறந்த கழகம். 1972 தொடக்கம் 1975 வரை முதலாம் பிரிவில் ஆடியிருக்கிறது, முதல் பருவத்திலேயே நான்காம் இடம். அதற்கு முந்திய பருவத்தில் குந்தர் புரோப்பர் என்ற முன்களக்காரர் அப்போதைய இரண்டாம் மட்டமான ரெகியோனால்லிகாவில் ஒரே பருவத்தில் 52 கோல் போட்டார். பெரியவர் ஐந்து விரலையும் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டினார். தான் பெடியனாக வந்து பார்த்தேன் என்று நெஞ்சில் தட்டினார். இந்தக் கழகம் மேலே போகும் என்று அவர் காத்திருக்கிறார். அதற்காக வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் கீழே போனாலும் வருவார் என்று மருமகன் சொன்னான், அவரிடமே கேட்டுவிட்டு.

மேலே போவதும் லேசு இல்லை. ஐந்து லீக்கில் ஐந்து பேர் முதலிடம் வந்தாலும் மூன்றாம் பிரிவுக்கு இடம் நான்குதான். மூன்று பேர் நேராகப் போவார்கள், மற்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் இரண்டு ஆட்டம் மோதி ஒருவர் போகவேண்டும். ஒரு வருடம் முழுக்க முதலாவதாக நின்றவன் இரண்டு ஆட்டத்தில் வீட்டுக்கு வரலாம். வூப்பர்டால் ஆடும் மேற்கு வட்டாரத்துக்கு நேரடி இடம் உண்டு என்பது பெரியவருக்கு ஆறுதல். மற்ற வட்டாரக்காரருக்கு இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. லீக்கில் முதலாவதாக வந்தவனை மேலே விடாத ஒழுங்கை மட்டக்களப்பில் வைத்திருந்தால் கழகங்கள் கொடி பிடித்து நின்றிருக்கும்.

83ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிச் சமப்படுத்தினார்கள். ஒன்றுக்கு ஒன்று. பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரம் எங்கள் ஊரில் இருட்டி ஏழு மணி. முதல் பாதியிலேயே கல்லடியில் பயிற்சியில் இருந்த பெடியன்களை வட்சப்பில் எடுத்து மைதானத்தைக் காட்டியிருந்தேன். "சேர், நாலாம் டிவிசனா இது?" என்று ஒருவன் புல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டான். ஓம், இதுதான் நாலாம் டிவிசன் என்றேன். அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குத்துகிறது. எங்கள் பிள்ளைகளின் கால் இவர்களின் காலுக்குக் குறைந்தது இல்லை. அவர்கள் ஓடுகிற தரைதான் குறைந்தது.

குடிக்க வாங்கும் பிளாஸ்டிக் கோப்பைக்குக் கூடுதலாக ஒரு காசு வாங்குவார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வரும். பிஃபான்ட் என்று சொல்வார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் 25 சதம் இப்படித்தான். வெளியே வரும் வழியில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று, கழகத்தின் ஜாக்கெட்டோடு, தன் உயரத்துக்கு ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நின்றது. சனம் வரிசையில் நின்று காசு வாங்காமல் கோப்பையை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனது. சிறுவர் அணிக்குப் பயணச் செலவாம். நான் நின்று பார்த்த ஐந்து நிமிடத்தில் பெட்டி நிரம்பி, அடுத்த பெட்டி வந்தது. யாரும் பேச்சுப் பேசவில்லை, படம் எடுக்கவில்லை. ஜெர்மனியில் கழகம் அடிப்படையில் உறுப்பினர்களுடையது. 1998 இல் கழகங்கள் தங்கள் அணியைக் கம்பனியாக மாற்றலாம் என்று விட்டபோதும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு தாய்க் கழகத்திடமே இருக்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த விதியைப் புத்தகத்தில் படித்திருந்தேன். பிள்ளையின் பெட்டிக்குள் விழுந்த கோப்பைகளைப் பார்த்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே மைதானச் சாப்பாடு என்றால் பாணுக்குள் வைத்த பொரித்த சொசேஜ், பெரும்பாலும் பன்றி இறைச்சி. முஸ்லிம் சகோதரர்களும் விரதக்காரரும் உருளைக்கிழங்குப் பொரியலோடு நிற்கவேண்டியதுதான். சூடாக, உப்பாக, அந்தக் குளிருக்கு நன்றாக இருந்தது. கச்சான் சுருள் இல்லாத ஆட்டம் எனக்கு ஏதோ குறைதான். கையில் சில்லறை வைத்திருங்கள், சில இடத்தில் அட்டை மட்டும், சில இடத்தில் காசு மட்டும்.

போகிறவர்கள் சனி, ஞாயிறு இரண்டையும் வெறுமையாக வைத்திருங்கள். நான்காம் பிரிவு பெரும்பாலும் சனிக்கிழமை இரண்டு மணி, ஆனால் வெள்ளி இரவுக்கோ ஞாயிறுக்கோ மாறுவதும் உண்டு. சரியான நேரம் சில கிழமைக்கு முன்தான் உறுதியாகும். வூப்பர்டால் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அந்த மாநிலத்தில் ஒரு மணித்தியால ரயில் தூரத்துக்குள் இப்படி எத்தனையோ பழைய கழகங்கள். எஸன் நகரத்தில் ரொட் வைஸ் எஸன் இருக்கிறது. 1954 உலகக் கிண்ண இறுதியில் ஹங்கேரிக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்ட ஹெல்முட் ரான் ஆடிய கழகம். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை. அடுத்த முறை எனக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஆட்டம். மாவட்டப் பிரிவு, கிரைஸ்லிகா. வாசலில் ஒரு அம்மா தகரப் பெட்டியோடு இருந்து சில யூரோ வாங்கினா. இருக்க இடம் இல்லை, மழைக்கு ஒதுங்கவும் இடம் இல்லை, கம்பியில் சாய்ந்து நிற்கவேண்டும். வீட்டில் சுட்ட கேக்கும் கோப்பியும் ஒரு மேசையில். அந்தக் கேக்குக்காகவே போகலாம். ஆட்டக்காரரில் ஒருவர் குழாய் வேலை செய்பவர், ஒருவர் வாத்தியார் என்று மருமகன் சொன்னான். ஒருவருக்கு வயிறு தள்ளியிருந்தது, ஆனால் அவர் கொடுத்த பந்து ஒவ்வொன்றும் தபால் மாதிரி விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பிரிவில் மத்தியஸ்தர் ஒருவர்தான். கோட்டில் ஆள் இல்லை. முழு மைதானத்தையும் அவரே ஓடிப் பார்க்கிறார். ஒரு நீளப் பந்து வந்தது. நான் கம்பியை விட்டு நகர்ந்தேன். கடைசிக்கு முந்திய தடுப்பாளருக்கு நேராக ஒரு அடி, இன்னொரு அடி, பக்கவாட்டில். அவன் ஓட, நானும் நடந்தேன். கம்பிக்கு இந்தப் பக்கம், நனைந்த புல்லில்.

"மாமா, எங்க போறீங்க?" என்று பின்னால் மருமகன் கூப்பிட்டது கேட்டது. அதற்குள் நான் மூலைக் கொடி வரை வந்துவிட்டிருந்தேன்.